ஒரே ஆணி

பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜ்.
பதினாறு அறை, ஒரு மொட்டைமாடி.
வெளிநாட்டார் வந்து இறங்கினால்
அன்றைக்கே சி படிவம் நிரப்ப வேண்டும்.
நாடு என்ற கட்டத்தில்
வங்காளதேசம், நேபாளம், பூடான் என்று எழுதி எழுதி
என் பேனாவுக்கே ஒரு பாஸ்போர்ட் கொடுக்கலாம்.

ஏழாம் அறை: ஹுசைன் வஜீஹ், மாலத்தீவு.
வயிற்றில் கட்டி. கூடவே மனைவி, ஒரு பிளாஸ்க்.
வேலூர் வெயிலைப் பார்த்துச் சிரித்தார்:
"கடலே இல்லாமல் இவ்வளவு உப்பா!"

வரவேற்பறைத் தண்ணீர் இயந்திரம்
ஒரு ஸ்கேன் சென்டர் கொடுத்தது.
வாசல் கேமரா, எதிர்வரிசை ஸ்கேன் சென்டர்.
முதல் கட்சி ஆள் வந்தால்
கேமராமேல் துண்டு காயும்.
மற்றவர் வந்தால்
"அந்தத் தண்ணிய யார் சார் குடிக்கிறாங்க" என்பேன்.
இரண்டு நாள்காட்டி, ஒரே ஆணி.
வருகிற முகத்தைப் பார்த்து
மேலது கீழே போகும்.

மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த வஜீஹ்
நான்காம் நாள் அரைகுறை இந்தியில் கேட்டார்:
"எங்கள் தீவில் வேலை பார்த்தீர்களா?"

அங்கே படகுத்துறையில் இரண்டு கல்வெட்டாம்.
வடக்கே இருப்பவர் ஆம்புலன்ஸ் படகு தந்தாராம்.
அதற்கும் வடக்கே இருப்பவர்
விளக்குக் கம்பம் நட்டாராம்.
யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால்
எந்தக் கல்லுக்கு மாலை,
எந்தக் கல்லை மூடப் பாய் என்று
முதல்நாளே போன் வந்துவிடுமாம்.
"பாய் போடுகிறவன் நான்தான்."

சிரித்தோம்.
சிரித்தால் அவருக்கு வலிக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை இயந்திரம் நின்றது.
ஃபில்டர் மாற்ற வந்தவன் கையில் ஒரு தாள்:
"மாசம் இருபது பேரு, இங்க மட்டும். இன்னாண்ணா, கையெழுத்து?"
முதலாளி ஆம்பூரில் ஒரு நிக்காஹ்வில் இருந்தார்.
"அவர் வரட்டும்பா."
இந்த 'வரட்டும்' ஒன்றை வைத்தே
ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் வஜீஹ் மேசைமேல்
இரண்டு உறைகள் வைத்தார்.
ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று
ஒன்றுக்கு அனுப்பியவன் நான்.
மற்றவர் கோபித்துக்கொள்வாரே என்று
அதற்கும் அனுப்பியவன் நான்.
ஒரு தாளில் கட்டி முப்பத்தொரு மில்லிமீட்டர்.
இன்னொன்றில் முப்பத்தாறு.

"எது என் வயிறு?" என்றார்.

"டாக்டர் வரட்டும்" என்றேன்.
என் வாயில் வேறு சொல் இல்லை.

துண்டு எடுத்துவிட்ட கேமரா
சிவப்புப் பொட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது.
அவர் மனைவி பிளாஸ்க்கை நீட்டினார்.
வாங்கிக்கொண்டு
தெருமுனைக் குழாய்க்கு நடந்தேன்.