கூடையில் வந்தவை

அரண்மனை வாயிலில் ஆணியடித்த தாள்
நாளுக்கு மூன்று முறை மாறும்.
"மன்னர் சிக்வார்ட் நிம்மதியாக உறங்கினார்.
அரைக் கிண்ணம் வாற்கோதுமைக் கஞ்சி அருந்தினார்."
கீழே மருத்துவர் எல்லிங்கின் சுருள் கையெழுத்து.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.
விரிப்பென்றால் ஒரே பார்வை.

அந்த நிம்மதியான உறக்கத்துக்கு
ஏழு விரிப்புகள் வந்தன.
ஐந்தில் மூத்திரம், தேனாகப் பிசுபிசுத்தது.
ஆறாவதில், கால் கிடந்த இடத்தில்,
பச்சையும் கறுப்புமாய் ஒரு தீவு.
ஏழாவதில் ஒன்றுமில்லை.
ஓரத்தில் பல் பதிந்த தடம் மட்டும்.

சீழுக்குச் சாம்பல் காரம்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்,
வெந்நீர் பட்டால் நூலைக் கட்டிக்கொண்டு போகவே போகாது.
கடற்கழியில் பனியை உடைத்து மொண்டு வருவேன்.
விரல் நுனிகள் பத்தும் செத்துச் செத்துப் பிழைக்கும்.

துணி வியாபாரி ஆஸ்மண்ட் பின்வாசலில் வந்து நின்றான்.
"கறுப்புச் சாயம் இப்போதே வாங்கிப் போடவா,
வசந்தம் வரை பொறுக்கவா?
ஒரே ஒரு வார்த்தை, குன்வோர்."
துவைக்கும் பலகைமேல் இரண்டு வெள்ளிக்காசு.
காசில் ராஜாவுக்கு இன்னும் கன்னம் உப்பியிருந்தது.
"கஞ்சி குடித்தாராமே" என்றேன்.
அவன் காசை எடுக்காமல் போனான்.
மாலைவரை கிடந்தது.
பிறகு நான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கூடை லேசாக வந்தது.
எண்ணிக்கை சரி. ஏழு.
ஏழும் மடிப்புக் கலையாமல்,
நான் செருகிய லாவெண்டர் குச்சி நடுவில் அப்படியே.

தூக்கி வந்த டோர்ஃபின் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"எல்லாவற்றையும் வெளுத்துவிடு.
புகைபோக்கியில் புகை தெரிய வேண்டும்."

வாயிலில் புதுத் தாள்:
"மன்னர் இன்று சற்றே புன்னகைத்தார்."

இளவரசரின் கப்பல் இன்னும் கடலில்.
சித்தப்பாவின் குதிரைகள் கிழக்குப் பாலத்துக்கு வந்துவிட்டன.
நடுவில் என் அடுப்பு
ஒரு ராஜாவை உயிரோடு வைத்திருந்தது.

மூன்று நாள்.
அழுக்கே இல்லாத துணிக்குக் காரம் போட்டு
அடித்து அலசிப் பிழிந்து
கயிற்றில் போட்டேன். பனியில் விறைத்துப்
பலகைபோல் நின்றன.
வேலிக்கு வெளியே ஜனங்கள் எண்ணிப் பார்த்து,
இன்னும் ஏழுதான், என்று ஆறுதலோடு போனார்கள்.

என் புருஷன் ஊல்ஃபுக்கு இருந்தது ஒரே விரிப்பு.
அவன் போன அன்று அதையே துவைத்து
அடுப்போரம் காயவைத்து
ஈரம் முழுக்க வாங்குமுன் அதிலேயே சுற்றினோம்.
அழ நேரமில்லை அன்றைக்கு.
இந்தச் சுத்தமான துணியை அடிக்கையில்தான்
வந்தது.
யாருக்காக என்று கேட்காதீர்கள்.
கண்ணீர்க் கறையும் பச்சைத் தண்ணீரில் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தார்கள்.
"இன்று விடியற்காலை" என்றிருந்தது தாளில்.
மெதுவாக எழுத்துக் கூட்டினேன்.
ஆஸ்மண்டின் கடையில் நடுப்பகலுக்குள்
கறுப்பு ஒரு முழம்கூட மிச்சமில்லையாம்.

அடுத்த திங்கள் கூடையில்
ஒரே ஒரு விரிப்பு.
நடுவில் ஒயின் சிந்தியிருந்தது.
உப்புப் போட்டால் போய்விடும்.