கடைசிப் பக்கம் இல்லாத யானை

ரெங்கம் தபாலாபீசுக்கு எதிர் வரிசையில்
நகல் எடுக்கும் கடை என்னுடையது.
ஐ.சி. நகல் இருபது காசு.
லேமினேட் இரண்டு வெள்ளி.
கதைப்புத்தகம் வாரத்துக்கு ஐம்பது காசு.

புத்தகங்களுக்கு வயது ஒட்டியது நான்தான்.
மஞ்சள் வட்டம் ஆறுக்குள்,
பச்சை பத்துவரை,
சிவப்பு, மீசை அரும்பும் முன்னும் பின்னும்.
அட்டை தடித்தால் சின்னவர்களுக்கு,
எழுத்து பொடிந்தால் பெரியவர்களுக்கு.
இதைவிட நுட்பமான அளவுகோல்
என்னிடம் இல்லை.

மஞ்சள் தட்டில் ஒரு யானைக் கதை.
தொப்பி போட்ட யானை
ரயில் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும்.
கேட் மூடியிருக்கும்.
அதற்கப்புறம் உள்ள தாளை
யாரோ கிழித்துவிட்டார்கள்.
பால்பல் விழுந்த ஈறுபோல்
தையலோரம் மட்டும் மிச்சம்.

ருபிணிக்கு ஐந்தரை வயது.
மேசை விளிம்பில் மோவாயை வைத்துச் சொன்னாள்:
"யானை வீட்டுக்குப் போயி
மைலோ குடிச்சிட்டுப் படுத்திருச்சு."
கேட் மூடியிருக்கே, எப்படிப் போச்சு?
"குனிஞ்சு."
குனிந்தும் காட்டினாள்.
பென்சில் டப்பா விழுந்து
ஐந்தடிப் பாதை முழுக்கப் பென்சில்.

தம்பிக்கு என்று பொய் சொல்லி எடுத்துப்போன
ஒன்பது வயதுப் பிரவீணேஸ்
திருப்பித் தரும்போது வழக்கையும் கொண்டுவந்தான்.
"கேட்காரர் மேலதான் தப்பு.
யானை போலிஸ் ஸ்டேசன்ல ரிப்போட் குடுத்திச்சு,
தும்பிக்கையில கைநாட்டு.
அத நகல் எடுக்க
உங்க கடைக்குத்தான் வந்திச்சாம்."
வரவில்லை என்றேன்.
"நீங்க சாப்பிடப் போயிருப்பீங்க."

லோகவர்மனுக்குப் பதினாலு.
சிவப்பு வட்டத்தில் எதுவும் பிடிக்காமல்
மஞ்சள் தட்டருகே நின்றபடியே
யானையைப் படித்து முடித்தான்.
"தொப்பியெல்லாம் இருக்காதுக்கா.
போன மாசம் எங்கப்பா பிளாக்குல
இருபத்தேழு செம்பனைக் கன்று
ஒரே ராத்திரியில போச்சு.
ஊசி போடுவாங்க, லாரியில ஏத்துவாங்க,
வேற காட்டுல விடுவாங்க."
அப்புறம்?
"திரும்பி வரும்."
கடன் வாங்காத புத்தகத்துக்கு
ஐம்பது காசு வைத்துவிட்டு
மோட்டாரில் ஏறிக்கொண்டான்.

சனிக்கிழமை இயந்திரத்தை நகர்த்திக் கூட்டினேன்.
அடியில், தூசியும் மைப்பொடியும் அப்பி,
அந்தத் தாள்.
நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் பதிப்பகத்தாரின் விலைப்பட்டியல்,
அஞ்சல் செலவு தனி.
மறுபக்கம் வெள்ளை.

கதை கேட்டிலேயே முடிந்திருக்கிறது.
எழுதியவர் யானையை நிறுத்திவிட்டு
எழுந்து போயிருக்கிறார்.

தாளை ஒட்டவில்லை.
ரசீதுக் கட்டுக்கு அடியில் வைத்தேன்.
மஞ்சள் வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வரவில்லை. நல்ல பசை,
நானே பார்த்து வாங்கியது.

திங்கட்கிழமை மழை.
பாஸ்போர்ட் நகல் எடுக்க
தோட்டத்திலிருந்து வங்காளதேசத்து ஆள் ஒருவர்,
பூட்ஸில் செம்மண்.
இயந்திரம் சூடேறும்வரை
யானையை எடுத்துப் புரட்டினார்.
தமிழ் தெரியாது; படம் போதும்.
கடைசியில் நின்றார்.
விரலால் தையலோரத்தைத் தடவினார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு முழங்கையை மேசையில் ஊன்றி,
படுத்திருந்த கையை
மெல்ல, மிக மெல்ல,
நேராக நிமிர்த்தினார்.

மூன்று நகல்.
அறுபது காசு.