மறுகா

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு,
மூன்று பேர், இரண்டு நாள்,
ஓர் இரப்பர் முத்திரை:
‘உபதேசத்துக்கு இசைவானது.’
எனக்கு வாக்கில்லை. நான் செயலாளர்.
குறிப்பெழுதுவேன், இஞ்சித் தேத்தண்ணி சொல்லுவேன்,
கல்லடி மண்டபத்து மின்விசிறி திடீரென்று சுற்றினால்
தாள்களின் மேல் கல் வைப்பேன்.

காலை சுகமாய்த்தான் போனது.
தரங்கம்பாடி வழி வந்த கீர்த்தனைகளுக்கு
ஒருவரும் கண்ணாடி கூடப் போடவில்லை.
மஸ்கெலியாத் தப்புப் பாட்டில் பரலோகம்
‘கங்காணி இல்லாத தேசம்’ என்று வந்தது.
இல்லாததை வைத்துச் சொல்லலாமா என்றார் சுனந்த போதகர்.
பரலோகத்தில் நமக்குத் தெரிந்ததே
என்னென்ன இல்லை என்பதுதானே என்றார் நேசரெத்தினம் டீச்சர்.
முத்திரை.
பறங்கித் தெரு எர்வின் ராகல் தந்த போர்த்துக்கேயப் பாட்டு
யாருக்கும் விளங்கவில்லை.
அவரே வந்து வயலினைத் தோளில் வைத்தார்.
கால் தாளம் போடாதிருக்க
வேதசகாயம் ஐயர் மிகவும் பாடுபட்டார்.
‘பொருள் சரி. வேகம் குறைக்க.’
அப்படியே எழுதினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அறுபத்தொன்று.
கன்னன்குடா, செபமலர் தம்பிப்பிள்ளை.
ஒற்றை றூள் கொப்பித் தாள், பென்சில் எழுத்து.

*பந்தியில் இருந்தார்
அப்பம் பிட்டார்
மறுகா மரித்தார்*

அட்டன்காரர் ஐயரின் சிவப்புப் பேனை
அங்கேயே நின்றது.
‘மறுபடியும் மரித்தாரா?
ஒரே தரம். ஒரே பலி.
இதற்குத்தானே ஐந்நூறு வருஷம் சண்டை பிடித்தோம்?’
பக்கத்தின் குறுக்கே கோடு போனது.

நான் பிறந்தது வவுணதீவு.
அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில்
பிரம்பால் அடித்து என் வாயிலிருந்து எடுத்தார்கள்.
செயலாளருக்கு வாக்கில்லை, சரி.
வாயும் இல்லை என்று
சபையின் யாப்பில் எங்கும் இல்லை.
‘ஐயா, அது மறுபடியும் இல்லை. பிறகு.’
‘அகராதியில் காட்டுங்கள்.’
அகராதி இல்லை. போன் இருந்தது.

பின்னால் வெட்டு மெசின் இரைந்தது.
‘வயலுக்க நிக்கன். ஆரு?
மறுகா எண்டா மறுகாதான்.
சோறு திண்டு மறுகா தண்ணி குடிக்கிறல்லயா?’
சுனந்த போதகர் சிரித்தார். ஐயரும் சிரித்தார்.
நல்ல மனிதர். தன் கோட்டைத்
தானே வெள்ளை மையால் அழித்தார்,
அழிக்கும்போதுதான் கடைசி வரியைக் கண்டார்.

*மூண்டாம் நாள் எழும்பினார்
மறுகா?*

‘தங்கச்சி, இந்தக் கேள்விக்குறி எழுத்துப்பிழையா?’

மெசின் நின்றது.
‘இல்ல ஐயா. அவர் எழும்பித்தார்.
மறுகா?
எங்கட தம்பி தொண்ணூறில போனவன்.’

விவாதம் நாற்பது நிமிடம்.
உயிர்த்தெழுதல் உறுதி. உறுதியைக் கேள்வியாகப் பாடலாமா.
நம்பாதவள் ஏன் கேட்கப் போகிறாள்.
கேட்டுவிட்டுச் சபை எங்கே பார்க்கும், கூரையையா.
கடைசியில் சமரசம்: கேள்விக்குறியை எடுத்து
முற்றுப்புள்ளி.
ஐயர் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார்.
மறுகா.
இன்னொரு தரம்.
மூன்றாம் தரம் பாதியில் விட்டார்.
‘இது நிக்குதில்லையே’ என்றார்,
தேத்தண்ணிக்கு எழுந்து போனார்,
திரும்பி வந்து முத்திரையைக் கோணலாகக் குத்தினார்.

நான் எழுதிய குறிப்பு:
‘61. அங்கீகரிக்கப்பட்டது.
அடிக்குறிப்பு சேர்க்க: மறுகா – பிறகு.’
முற்றுப்புள்ளித் தீர்மானத்தை எழுதவில்லை.
யாரும் எழுதச் சொல்லவுமில்லை.

பொழுதுபட்டுப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி
மீண்டும் அழைத்தேன். மெட்டு என்ற கட்டம்
வெறுமையாய்க் கிடந்தது.
அவள் முதல் வரியை மெல்ல முனகிக் காட்டினாள்,
நெல்லுத் தூசி தொண்டையில் இருந்தது போல, இடையிடையே செருமி.
‘கடைசிச் சொல்லுக்கு மெட்டு இல்ல அக்கா.
அதைச் சும்மா கேளுங்க.’