ஒற்றை மடிப்பு

ஆபீஸ் இரும்புப் பெட்டியில் துப்பாக்கி மூன்று.
கதவைத் திறந்தால் போதும்,
கல்யாண வீட்டில் கள் குடித்த தோழர்கள் போல
ஒன்றன் தோளில் ஒன்று சாயும்.
நடுவில் இருப்பது எப்போதும்
என் கால் விரலைத்தான் தேடி வரும்.

காட்டுப்பன்றி செம்பனைக் குருத்தைத் தின்கிறது.
அதற்காக லைசென்ஸ், அதற்காகப் பதிவேடு,
மாலை ஆறுக்கு ஒரு கையெழுத்து,
காலை ஏழுக்கு ஒரு கையெழுத்து.
இரண்டும் கிராணி என்னுடையவை.
நான் சுட்டதில்லை.
மூன்றின் எண்களும் மனப்பாடம்.

பகாவ் ஸ்டேஷனிலிருந்து வந்த சார்ஜன் ஜம்ரி
குழலை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.
"கீறல்," என்றார். எழுதினார்.
தாங்கி வாங்கித் தரும்படி
மேனேஜருக்குக் கடிதம் வைத்தேன்.
அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில்.
அடுத்த ஆண்டு என்பது இந்தத் தோட்டத்தில் ஓர் ஊர்.
அங்கே போன கடிதம் எதுவும் திரும்பியதில்லை.

வீட்டில் தவசியின் ஸ்பீக்கர்கள் கிடந்தன, நான்கு.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாடகைக்குப் போய்க்
காகிதம் கிழிந்து, தூசி இருமுபவை.
"எடுத்துக்கோ. ஆனா உடைக்கிறப்ப
நான் வீட்டுல இருக்கமாட்டேன்," என்றான்.
கப்சாயை உதைத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டான்.

உளி. சுத்தியல்.
முதல் காந்தம் முறுக்காக நொறுங்கியது.
இரண்டு துண்டையும் பழையபடி சேர்த்துப் பார்த்தேன்.
தள்ளிக்கொண்டு விலகின,
ஒரு நிமிடம் முன்பு வரை ஒரே உடம்பு.
மற்ற மூன்றை அவசரப்படாமல் நெம்பினேன்,
இரும்புத் தட்டோடு முழுசாக வந்தன.

பழைய டயர் டியூபை வெட்டிப் போர்த்தினேன்.
கீறக் கூடாதே என்று இரண்டு மடிப்பு:
துப்பாக்கி வழுக்கித் தரையில் படார்.
மடிப்பே இல்லாமல்: பிடித்த பிடி விடவில்லை,
ஜாகா அங்கப்பன் ஒரு காலைப் பெட்டியில் ஊன்றி
கிணற்று வாளி இழுப்பதுபோல் இழுத்தான்.
ஒற்றை மடிப்பு:
டக்.
சரி.

மூன்றாவதைப் பொருத்தக் குனிந்தபோது
கையிலிருந்த காந்தம் தானாகவே இறங்கி
அடித்தட்டின் இடுக்கில் எதையோ கவ்வியது.
துருவேறிய கிளிப் இரண்டு, குண்டூசி,
கம்பியில் கோத்த சின்னச் சாவி.
வில்லையில் நான்கு என்று வெட்டியிருந்தது.
காசுப் பெட்டிச் சாவி.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சந்தியாகுவை
இதைத் தொலைத்ததாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.
தொலைத்ததாக என்று கடிதத்தில்.
வாயில் வேறு சொல்.
பதினொரு வருடம்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன்.
அவருடைய பர்கர் வண்டியின் தட்டில் சாவியை வைத்தேன்.
சாவியைப் பார்த்தார்.
முட்டையைத் திருப்பிப் போட்டார்.
"எங்க இருந்துச்சு?"
"அடியில."
"அடியில பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."
அப்புறம் வெங்காயம் வேண்டுமா என்று கேட்டார்.
நாலு ரிங்கிட் ஐம்பது சென்னை
எண்ணி வாங்கிக்கொண்டார்.

பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்:
தேதி, இடம், எடுத்தவர், சாட்சி அங்கப்பன்.
சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு.
மேனேஜர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.
அது ஊர் போய்ச் சேருவதற்குள்
நகல் மூன்று எடுத்துவைத்தேன்.
ஒன்று வெங்காய வாசனையோடு
பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது.

இப்போது கதவைத் திறந்தால்
மூன்றும் நின்ற இடத்தில் நிற்கின்றன.
என் கால் விரலுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை,
பழக்கத்தில் ஒதுங்கிக்கொள்கிறது.

நேற்று மாலை என்னை அழைத்துப்போக வந்த தவசி
ஆபீஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே வரக் கூடாது, சட்டம்.
ஒவ்வொன்றாக வைத்தேன்.
டக். டக். டக்.
தலையைச் சாய்த்துக் கேட்டான்,
பந்தலில் மைக் சோதிக்கும் அதே முகம்.
"பேஸ் கொஞ்சம் தூக்கல்," என்றான்.