செட்டான நடை

ஸ்ரீராமபுரத்தில், மெட்ரோ தூணுக்கு எதிரே,
நஞ்சுண்டப்பாவின் மருந்துக் கடையில்
பதினோரு வருடமாகச் சீட்டு வாசிக்கிறேன்.
டாக்டர்கள் எழுதுவது எந்த மொழியிலும் சேராது.
முதல் எழுத்து தெரியும். கடைசியில் ஒரு வால் தெரியும்.
நடுவில் ஓடுவது மண்புழு.
எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து
நடுவை நிரப்பிக்கொள்வேன்.
சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க வேண்டும்.
கடையின் விதி அது.

படித்தது கன்னட மீடியம்.
தமிழ், வீட்டில் சண்டைக்கும் ஜெபத்துக்கும்.
அதை எழுத்தாகப் பார்த்தது
மாத்திரை மடிக்க ஷஃபியுல்லாவின் எடைக் கடையிலிருந்து
கிலோ கணக்கில் வந்த பழைய வாரப் பத்திரிகைகளில்.
ஒரே ஒரு க-வைப் போட்டுவிட்டு
இடம் பார்த்து வாசித்துக்கொள் என்கிற மொழி.
தொடர்கதையில் நாலாம் வாரம் இருக்கும்,
ஐந்தாம் வாரம் இருக்காது,
ஆறாம் வாரத்தில் அவள் ஏற்கெனவே விதவை.
இல்லாவிட்டால் பக்கத்தின் கீழ்மூலை
யாருடைய இருமலோடோ போயிருக்கும்.

உதடு அசையாமல் வாசிக்க இன்னும் வரவில்லை.
வாக்கியம் நீண்டால் மூச்சு வாங்கும்.
வினைச்சொல்லைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள்
கஸ்டமர் வந்துவிடுவார்.

நான் எழுத ஆரம்பித்தபோது
என் ஆட்கள் நாலு சொல்லில் பேசினார்கள்.
சாவெல்லாம் ஐந்தாம் வாரத்தில் நடந்தது.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு கூட்டத்தில்
சென்னையிலிருந்து வந்த விமர்சகர் சொன்னார்:
"ஆரோக்கியசெல்வியின் நடை செட்டானது.
சொல்லாமல் விடப் பழகிய கை."
டீ குடிக்கும்போது தனியாகக் கேட்டார்,
யாரையெல்லாம் வாசித்திருக்கிறீர்கள்?
எண்பது கிலோ இருக்கும்.
"நிறைய" என்றேன்.

போன மழைக்காலத்தில்
பத்திரிகை ஆசிரியர் ஒரு நாவல் அனுப்பினார்.
எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நம்பாமல் எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் கிழியவில்லை.
ராத்திரிக்கு மூன்று பக்கம், உதட்டை அசைத்து.
ஒரு கல்யாணம் தொண்ணூறு பக்கம் நடந்தது,
பந்தியில் யாருக்கு அப்பளம் வரவில்லை என்பது வரைக்கும்.
ஒருத்தி அழுதாள்.
அழுது முடிக்கும் வரை பக்கம் இருந்தது.

அப்புறம் நான் எழுதிய கதையில் ஒரு பெண்
ஓகளிபுரம் பாலத்தடியில் வாங்கிய பூவைத்
தலையில் வைப்பதா, அம்மா படத்துக்குப் போடுவதா என்று
முடிவு செய்யாமலே சந்துக்குச் சந்து நின்று
ஒருத்தியிடம் கடனைத் திருப்பி, இன்னொருத்தியிடம் கடன் வாங்கி
படுத்திருந்த நாயைத் தாண்டி, தேர்தல் பேனருக்குக் குனிந்து
புருஷனை எதற்காக விட்டுவந்தோம் என்பதை
முதல் தடவையாக முழுசாகத் தனக்கே சொல்லிக்கொண்டு
தன் வீட்டுப் படி வரைக்கும் வந்து
நின்றாள்.
வினைச்சொல் அங்கேயே காத்திருந்தது.
எங்கேயும் ஓடிப்போகவில்லை.

அனுப்பினேன். கதை திரும்பி வந்தது,
கூடவே ஒரு கார்டு, ஆசிரியரின் கைப்பட.
அவர் எழுத்தும் டாக்டர் எழுத்துதான்.
'இது உங்கள்', அது தெரிந்தது.
'இல்லை', அதுவும் தெரிந்தது.
நடுவில் இருப்பது நடையா, தடையா?
ந-வும் த-வும் அவர் கையில் ஒரே கொக்கி.
டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன்.
தள்ளிப் பிடித்தேன்.
கதை திரும்பியிருக்கிறதே, அதைக் கூடவா
கணக்கில் எடுக்கக் கூடாது என்று
ஷெல்ஃப் கண்ணாடி கேட்டது.
அதில் இருந்த முகத்தைப் பார்த்தேன்.

"ஃபோன் மாடம்மா" என்றார் நஞ்சுண்டப்பா,
ஏதோ மருந்துச் சீட்டு என்று நினைத்து.
நம்பர் கார்டின் மேலேயே அச்சாகியிருந்தது.

பதினோரு வருடத்தில் முதல் தடவை
போன் போடாமல்
ஷட்டரை இறக்கினேன்.
நாவலில் இன்னும் அறுபத்தோரு பக்கம் இருக்கிறது.