குறி பிறழ்ந்த இடம்

ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.
அதற்குமேல் எரிமலைப் பாறை சூடேறி
சூரியனின் விளிம்பு
கொதிக்கும் கஞ்சிபோல் தளும்பத் தொடங்கும்.

தெனெரிஃபெ. இரண்டாயிரத்து நானூறு மீட்டர் உயரம்.
காலடியில் மேகம். மேகத்துக்கு அடியில்
மற்றவர்களின் திங்கட்கிழமை.

ஐராம் கூரையைத் திறந்தான்.
கண்ணாடியில் படிந்த சஹாராப் புழுதியை ஊதிவிட்டு
"நல்ல காற்று" என்றான்.
அசையாத காற்றைத்தான் இங்கே நல்ல காற்று என்போம்.

கிழக்கு விளிம்பருகே ஒரு புள்ளி.
நடுவில் கரி. சுற்றிலும்
கிழித்த தேங்காய் நார்போல் இழை இழையாய்ப் புறநிழல்.
அந்த இழைகளில் வாயு வெளிப்பக்கமாகத்தான் ஓடும்,
நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்,
யாரும் துரத்தாமலே.
விலகினால் சிவப்பு, நெருங்கினால் நீலம்.
விளிம்புப் பக்கம் சிவந்திருக்க வேண்டும்.

நீலம் இருந்தது.
திரையில் ஒரு நகக்கண் அளவு.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
நிரலில் எங்கோ ஒரு கழித்தல் குறி
நழுவியிருக்கும்.
நாற்பத்தோராம் வரி. இருநூற்றாறாம் வரி.
சூரியன் சுழலும் வேகத்தை மறுபடி கழித்தேன்.
ப்ரைபுர்க்கிலிருந்து ஹென்ரிக்கே
தொலைபேசியில் மூன்று முறை கேட்டாள்:
கிழக்கு எது மேற்கு எது என்று தெரியும்தானே?
தெரியும். நான் தீவுக்காரி.

அப்போதும் நீலம்.
மற்ற இழையெல்லாம் வெளியேற
ஒரு கற்றை மட்டும் உள்ளே,
கரியை நோக்கி.

ஐராம் காப்பியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.
சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை.
"அப்பா பதினேழு வயதில் கராகஸ் போனவர்.
ஊர் முழுக்கப் போனது அப்போது.
நாங்கள் நாலுபேர் இரண்டு பெட்டியோடு
திரும்பி வந்து இறங்கினபோது
பேருந்து நிலையத்தில் ஒருவர் கேட்டார்,
வழி தவறிவிட்டதா என்று."

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.
"இல்லைதான்" என்று
சர்க்கரையைக் கலக்கினான்.

எட்டு ஐம்பதுக்கு நடுக்கம் தொடங்கியது.
இழைகள் ஒன்றோடொன்று குழம்பின.
நீலம் அடங்கிவிட்டதா,
எங்கள் காற்று அதை மறைத்ததா,
சொல்ல முடியாது.

குறிப்பேட்டில் "காரணம்" என்றொரு கட்டம்.
காந்தப்புலம் என்று எழுதி அடித்தேன்.
அழுத்தம் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
அதையும் அடித்துவிட்டு
நேரத்தை மட்டும் எழுதினேன்.

மதியம் ஹென்ரிக்கேயிடமிருந்து ஒரு வரி:
குறியை மாற்றி இன்னொருமுறை அனுப்பு.

மாற்றாமல் அனுப்பினேன்.