நீலச் சொட்டு

ஊருக்குப் போகையில் துக்கிஷ்யாம்
சாவியை ஓனரிடமும்
மீன்தொட்டியை என்னிடமும் கொடுத்தான்.
பேரிலேயே துக்கத்தை வைத்துக்கொண்டு
பல் தெரியச் சிரிக்கிற ஒடிசாப் பையன்.
"பதினஞ்சு நாள் அக்கா."
ஆறு மீன். ஒரு தீவனப் பொட்டலம்.
கூடவே கைக்கடக்கமாய் ஒரு குப்பி,
உள்ளே பாதி நீலம்.
மீனுக்குச் சீக்கு வந்தால் ஊத்துவது போல என்று
அட்டாலியில் வைத்தேன்.

எட்டாம் நாள் பைப்பில் தண்ணி வந்தது.
மேட்டுப்பாளையத்தில் ஏறும் பவானி
ஆண்டிபாளையம் லைன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்
ஆஸ்பத்திரி வாசம் பிடித்துவிடும்.
குடம் நிரம்பியது, போசி நிரம்பியது.
மீதியில் கொஞ்சம் புண்ணியம் செய்யலாமென்று
பழைய தண்ணியை மொத்தமும் இறைத்துவிட்டுத்
தொட்டியில் புதுசை நிரப்பினேன்.
பளிச்சென்று இருந்தது.
மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.
சந்தோஷம் என்று நினைத்தேன்.

விடியக்காலம் நாலு மிதந்தது.

இத்தனைக்கும் என் பொழப்பே அதுதான்.
பிளீச்சிங் பட்டறையில் பதினோரு வருசம்.
வெளுத்து வந்த பனியன் துணியில்
குளோரின் மிச்சம் நிற்கிறதா என்று
காகிதத் துண்டை ஒற்றிப் பார்ப்பேன்.
கருநீலமானால் நிற்கிறது.
அப்புறம் ஹைப்போ, வாளி வாளியாய்,
கல்லுப்பு மாதிரி, ஆனால் கண்ணாடி கண்ணாடியாய்.
விடாமல் போனால் துணி உள்ளுக்குள் இற்று
தையல் ஊசி பட்ட இடத்தில் கிழியும்,
கம்பெனிக்காரன் லோடோடு திருப்பி அனுப்புவான்.
துணிக்கு இத்தனை பார்க்கத் தெரிந்தவளுக்கு
செவுளைப் பற்றித் தோணவில்லை.

போனில் கூப்பிட்டேன்.
அந்தப் பக்கம் தகரத்தில் மழை.
"நாலு போச்சு துக்கி."
மழைதான் கேட்டது கொஞ்ச நேரம்.
"நீலம் போட்டியா அக்கா?"
"போடலீங்" என்றேன்.
என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவனிடம்
எங்கிருந்து வந்ததோ அந்த 'ங்'.

அட்டாலியிலிருந்து குப்பியை இறக்கினேன்.
எறும்புக்கால் எழுத்தை
மகன் கூட்டிக் கூட்டிப் படித்தான்: சோடியம் தயோ...
மீதியை நான் சொன்னேன்.
பட்டறை மூட்டையில் அன்னாடம் பார்க்கிற பேர்.
அங்கே ஐம்பது கிலோ சாக்கு.
இங்கே சாயம் கலந்து, மீன் படம் ஒட்டி,
பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு.

முப்பது லிட்டர் தொட்டி. மூணு விட்டேன்.
நூல் போல இறங்கி, பிரிந்து,
நீலம் இருந்த இடம் தெரியவில்லை.
தண்ணி முன்னே இருந்த மாதிரியேதான் இருந்தது.
நம்பிக்கை வராமல் அன்று பொழுதோட
பட்டறைக் காகிதம் ரெண்டை
சோத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
தொட்டியில் நனைத்தது வெள்ளை.
பைப்படியில் நனைத்தது
ஓரத்தில் நகக்கண் அளவு நீலம்.
அந்தத் தண்ணியில்தான் அரிசி களைந்தேன்.

மிச்சம் ரெண்டு.
ஒன்றுக்கு வால் நுனி வெளுத்திருக்கிறது.
"கடையில நாலு வாங்கி உட்டரலாம்மா,
அந்தண்ணனுக்கு எங்க தெரியப் போகுது" என்கிறான் மகன்.
தெரியும்.
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து
தொட்டி முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து
ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான், அவன் பாஷையில்.
ஒட்டுச் சுவர்தான், தினமும் கேட்கும்.
ஒரு பேர்கூட
எனக்கு ஞாபகமில்லை.